முதல் பதினைந்து கிழமைகள்

இந்த அத்தியாயத்தை ஒரே ஒரு பிள்ளையை மனதில் வைத்து எழுதுகிறேன். வீடு இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ உக்குவெலயிலோ இருக்கலாம். மாத்தளை நகரத்துப் பாடசாலையில் உயர்தரத்தைத் தமிழில் படித்து, வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை. அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவர். அப்பாவுக்குக் கடையிலோ ரப்பர் தோட்டத்திலோ வேலை. வீட்டில் இதற்கு முன் யாரும் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. வழியில் கண்டவர்கள் எல்லாம் "கெம்பஸ் போற பிள்ளை" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அங்கே போய் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதற்குத்தான் ஒருவரும் இல்லை.

படித்த வீடுகளில் ஒரு மாமா இருப்பார், ஒரு பெரியம்மா மகள் இருப்பாள். எந்தப் பாடத்தை எடுக்கலாம், எந்தக் கடிதத்தை எங்கே கொடுக்கலாம் என்று சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிவிடுவார்கள். நம்முடைய தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். அதனால் அந்த மாமாவும் அக்காவும் நம் வீடுகளில் இன்னும் அரிது. நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் சறுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அறிவு போதாமல் சறுக்கியவர்களை நான் காணவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நாளில் கேட்காமல் விட்டவர்களைத்தான் கண்டேன். அந்த நாட்களில் பெரும்பாலானவை முதல் செமஸ்டரின் பதினைந்து கிழமைகளுக்குள் வந்து போய்விடும்.

உதாரணங்களைப் பேராதனையை வைத்தே சொல்கிறேன். நமது மாவட்டத்துக்குள் அரச பல்கலைக்கழகம் இல்லை. கண்டி வழியாகப் போனால் அதுதான் பக்கம். யாழ்ப்பாணமோ கிழக்கோ கிடைத்தவர்களுக்கும் செய்ய வேண்டிய வேலைகள் இவைதான். விதிகளின் சின்னச் சின்ன வேறுபாடுகளை மட்டும் உங்கள் பீடத்தின் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன்: காத்திருக்கும் மாதங்கள்

பெறுபேறு வந்ததற்கும் பதிவு நாளுக்கும் இடையில் மாதக்கணக்கில் காலம் கிடைக்கும். இந்தக் காலத்தில் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. வீட்டு நிலைமைக்கு அது தேவையாகவும் இருக்கும். போனாலும் கீழே உள்ள வேலைகளை முடித்துவிடுங்கள்.

1. *பெயரைச் சரிபாருங்கள்.* பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, உயர்தரப் பெறுபேற்றுத் தாள் மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களின் பத்திரங்களில் அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் இருப்பது சாதாரணம். "பெருமாள்" என்ற ஒரே பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் கிடக்கும். வேறுபாடு இருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளரிடம் போய்த் திருத்த முடியுமா என்று கேளுங்கள். காலம் போதாவிட்டால் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று செய்து கையில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டச் சான்றிதழில் வரப்போகும் பெயர் இதுதான்.

2. *வருமான ஆவணங்களைச் சேருங்கள்.* மகாபொல புலமைப்பரிசிலுக்கும் பல்கலைக்கழகப் பண உதவிக்கும் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும். பெற்றோரின் சம்பளச் சிட்டை, கிராம உத்தியோகத்தரின் சான்று, பிரதேச செயலகத்தின் மேலொப்பம் என்ற வரிசையில் போங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள். உதவிப் பணம் முதல் மாதத்திலேயே கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். முதல் மூன்று மாதச் செலவுக்கு வேறு வழி இருக்கிறதா என்று வீட்டில் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

3. *மூன்று நிரல் கொப்பி ஒன்று தொடங்குங்கள்.* இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நீங்கள் பதின்மூன்று வருடம் படித்த தமிழ் ஒன்று. விரிவுரை மண்டபத்தில் கேட்கப்போகும் ஆங்கிலம் ஒன்று. விளங்காதபோது தேடிப்பிடிக்கும் தமிழ்நாட்டுப் புத்தகத்தின் தமிழ் இன்னொன்று. பொருளியல் படித்த பிள்ளைக்கு "டிமாண்ட்" என்றால் "கேள்வி", "சப்ளை" என்றால் "நிரம்பல்". சென்னையில் அச்சான நூலைத் திறந்தால் அதே சொற்கள் "தேவை", "அளிப்பு" என்று நிற்கும். உயிரியல் பிள்ளை "கலம்" என்று படித்ததை அங்கே "செல்" என்பார்கள். "ஒளித்தொகுப்பு" அங்கே "ஒளிச்சேர்க்கை". நம்முடைய இரசாயனவியல் அங்கே வேதியியல், ஒட்சிசன் அங்கே ஆக்சிஜன். இது தெரியாத பிள்ளை, தான் படித்ததெல்லாம் பிழையோ என்று மிரண்டுபோகும். ஒன்றும் பிழையில்லை. ஒரே பொருளுக்கு மூன்று பெயர், அவ்வளவுதான்.

கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிரல் கோடு போடுங்கள். முதல் நிரலில் பாடசாலையில் படித்த சொல். நடுவில் ஆங்கிலச் சொல், அதன் கீழே உச்சரிப்பு தமிழில். மூன்றாவதில் தமிழ்நாட்டு வழக்கு தெரிந்தால் அது, தெரியாவிட்டால் அந்தச் சொல் வந்த ஒரு சிறு வாக்கியம். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். மூன்று மாதத்தில் நானூற்றைம்பது சொல் சேரும். முதலாம் ஆண்டு விரிவுரைகளில் திரும்பத் திரும்ப வரும் கலைச்சொற்களில் பெரும் பங்கு இதற்குள் அடங்கிவிடும்.

4. *தட்டச்சுப் பழகுங்கள்.* ஒப்படைகள் எல்லாம் கணினியில்தான் கேட்பார்கள். ஆங்கிலத்திலும் தமிழ் யூனிகோடிலும் நாளைக்கு இருபது நிமிடம் பழகினால் போதும். வீட்டில் கணினி இல்லாவிட்டால் பழைய பாடசாலையின் கணினி அறைப் பொறுப்பாசிரியரிடம் போய்க் கேளுங்கள். தெரிவான பிள்ளை வந்து கேட்டால் மறுக்கும் ஆசிரியரை நான் கண்டதில்லை.

விடுதியா, வீட்டிலிருந்து பயணமா?

மாத்தளையிலிருந்து கண்டி ஏறக்குறைய 26 கிலோமீற்றர். "பக்கம்தானே, வீட்டிலிருந்தே போய் வரலாம்" என்று அம்மாவும் அப்பாவும் சொல்வார்கள். பெண் பிள்ளை என்றால் இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். முடிவெடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஏ9 வீதியில் அக்குறணையையும் கட்டுகஸ்தோட்டையையும் காலை நெரிசலில் தாண்டி, கண்டியில் இறங்கி, அடுத்த பஸ் பிடித்து கலஹா சந்தியில் இறங்கி நடக்க வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்து ஒரு வழிக்கு இரண்டு மணித்தியாலம் என்று வையுங்கள். எல்கடுவையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் கூட. ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம், கிழமைக்கு இருபது. அந்த இருபது மணித்தியாலம் எதற்குச் சமம் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

என் அபிப்பிராயம் உறுதியானது: விடுதி கிடைத்தால் முதலாம் ஆண்டில் விடுதியில் இருங்கள். கிடைக்காவிட்டால் நாலைந்து பேர் சேர்ந்து பக்கத்தில் அறை எடுங்கள். வீட்டு நிலைமை அதற்கும் இடம் தராவிட்டால் பயணத்தை இப்படி ஒழுங்குபடுத்துங்கள்:

1. விரிவுரை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். நூலகத்தில் ஒன்றரை மணித்தியாலம் இருந்து அன்றைய குறிப்பை முடித்துவிட்டுப் புறப்படுங்கள். வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்ற எண்ணம் பஸ் களைப்போடு கரைந்துபோகும்.
2. வளைவுப் பாதையில் புத்தகம் வாசிக்க வேண்டாம், தலை சுற்றும். காதால் கேட்பதற்கும், காலையில் படித்ததைக் கண்ணை மூடி நினைவுபடுத்துவதற்கும் பஸ் நல்ல இடம்.
3. கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸையே உங்கள் கடைசி பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள்.

*பாதுகாப்பு:* மழைக்காலத்தில் அக்குறணை நகரம் வெள்ளத்தில் அடைபடும். மலைப்பக்க வீதிகளில் மண் சரியும். மண்சரிவு எச்சரிக்கை விடுத்த நாளில் விரிவுரையைத் தவறவிட்டாலும் பரவாயில்லை, நிற்கும் இடத்திலேயே நில்லுங்கள். கண்டியில் ஓர் இரவு தங்கக்கூடிய சிநேகிதரின் வீட்டு இலக்கத்தை அம்மாவின் கையிலும் எழுதிக் கொடுத்து வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

முதலாம் கிழமை: கைநூலும் கணக்கும்

பதிவு முடிந்ததும் பீடத்தின் கைநூல் கிடைக்கும், அல்லது இணையத்தில் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத் திறப்பதில்லை என்பது என் அனுபவம். ஒரு பின்னேரத்தை ஒதுக்கி, பேனாவோடு உட்கார்ந்து வாசியுங்கள். வாசிக்கும்போது நான்கு விடயங்களுக்குக் கீழே கோடு போடுங்கள்:

1. பட்டத்துக்கு எத்தனை திறன் அலகு வேண்டும்? அலகை எல்லோரும் "கிரெடிட்" என்பார்கள். மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்குப் பொதுவாக 90, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120.
2. சிறப்புக் கற்கைக்கு எப்போது தெரிவு செய்கிறார்கள்? பல பீடங்களில் முதல் வருடத்துப் பெறுபேறுகளே இதைத் தீர்மானிக்கின்றன. "முதல் வருடம் சும்மா பாஸ் பண்ணினால் போதும்" என்று சொல்லும் சீனியரை நம்பி, விரும்பிய பாடத்தை இழந்தவர்கள் உண்டு.
3. பரீட்சை எழுதக் குறைந்தபட்ச வரவு எவ்வளவு? பெரும்பாலும் 80 வீதம்.
4. தொடர் மதிப்பீட்டுக்கும் இறுதிப் பரீட்சைக்கும் புள்ளி எப்படிப் பிரிகிறது?

இனிக் கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். ஒரு கிரெடிட்டுக்கு விரிவுரை 15 மணித்தியாலந்தான். ஆக, 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு மொத்தம் 150 மணித்தியாலம். அதில் 45 மணித்தியாலம் விரிவுரையாளர் முன்னால் நிற்பார். மீதி 105 மணித்தியாலம் உங்களுடையது. பதினைந்து கிழமையால் பிரித்தால் ஒரு பாடத்துக்குக் கிழமைக்கு 7 மணித்தியாலம். ஐந்து பாடம் எடுத்தால் 35.

பாடசாலையில் ஆசிரியர் பாதி, டியூஷன் பாதி என்று காலம் ஓடியது. நாம் தனியாக உட்காரும் நேரம் மிச்சந்தான். இங்கே அந்த மிச்சமே பாடத்தின் பெரும் பகுதி. பஸ்ஸில் போகும் இருபது மணித்தியாலத்தை இந்த 35 க்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எதை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது அப்போதுதான் விளங்கும்.

*குறிப்பு:* கிழமை அட்டவணை போடும்போது முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் எழுதுங்கள். பிறகு விரிவுரைகள். பிறகு 35 மணித்தியாலம். மிச்சமிருக்கும் கட்டங்களில் விளையாட்டு, கோயில், சங்கக் கூட்டம் எல்லாம் தாராளமாக அடங்கும். ஞாயிறு பின்னேரத்தை வெறுமையாக விடுங்கள்.

விரிவுரையிலிருந்து குறிப்பு வரை

1. *முதல் நாள் இரவு* தலைப்பைப் பார்த்து, மூன்று நிரல் கொப்பியில் அதற்கான ஐந்து சொல்லை எழுதிக்கொண்டு போங்கள். சொல் தெரிந்திருந்தால் ஆங்கிலம் வேகமாக ஓடினாலும் பிடித்துக்கொள்ளலாம்.
2. *மண்டபத்தில்* முன் மூன்று வரிசைக்குள் இருங்கள். பின் வரிசையில் நம் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து இருப்பது ஆறுதல்தான். அந்த ஆறுதலைச் சாப்பாட்டு நேரத்துக்கு வையுங்கள்.
3. *எழுதும்போது* எல்லாவற்றையும் எழுத வேண்டாம். விளங்காத இடத்தில் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டு மேலே போங்கள். விளங்கியதைத் தமிழில் எழுதினாலும் குற்றமில்லை.
4. *அன்றே, 24 மணித்தியாலத்துக்குள்,* குறிப்பை மூடிவிட்டு வெற்றுத் தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். தவறிய இடங்கள்தான் உங்கள் படிப்பு வேலை. குறிப்பை ஐந்து தடவை வாசிப்பதைவிட இது ஒரு தடவை செய்தால் பலன் கூட.
5. *கிழமை முடிவில்* வட்டங்களை எண்ணுங்கள். மிஞ்சிய வட்டங்களோடு நூலகத்துக்கோ குப்பிக்கோ விரிவுரையாளரிடமோ போங்கள்.

குப்பி என்றால் என்னவென்று புதியவர்களுக்குத் தெரியாது. சீனியர்களோ சக மாணவர்களோ சேர்ந்து, ஒருவர் மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வகுப்புக்கு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் இதுதான் பெயர். குப்பி விளக்கிலிருந்து வந்த பெயர் என்பார்கள். லயத்தில் மின்சாரம் வருமுன் வளர்ந்தவர்களுக்கு அந்த விளக்கின் மணம் நினைவிருக்கும். பல்கலைக்கழகத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். ஐந்தாம் கிழமைக்குள் ஏதாவது ஒரு சிறு பகுதியை நீங்களே எடுத்துச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கு எங்கே விளங்கவில்லை என்பது நமக்கே தெரியவரும்.

விரிவுரையாளரிடம் போகத்தான் நம் பிள்ளைகள் மிகவும் தயங்குகிறார்கள். "சேர், ஒன்றும் விளங்கவில்லை" என்று போய் நின்றால் அவராலும் உதவ முடியாது. எது வரை விளங்கியது என்பதைச் சொல்லிக் கேளுங்கள்: "சேர், மூன்றாவது விரிவுரையில் விலை ஏறினால் கேள்வி குறையும் என்பது வரை விளங்கியது. அத்தியாவசியப் பொருளுக்கு அது ஏன் அதிகம் குறைவதில்லை என்ற இடத்தில் தவறிவிட்டேன்." இப்படிக் கேட்கும் பிள்ளையை அவர் பெயர் கேட்டு நினைவில் வைத்துக்கொள்வார். ஆங்கிலத்தில் கேட்க வராவிட்டால் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போய் வாசியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒப்படை எழுதும் முறை

என் முதல் ஒப்படையை டியூஷன் குறிப்பு எழுதுவது போலவே எழுதினேன். எட்டுப் பக்கம், அழகான கையெழுத்து, சிவப்பு மையில் தலைப்புகள். திரும்பி வந்தபோது நாற்பதுக்குப் பதினாறு. ஓரத்தில் ஒரே கேள்வி மூன்று இடத்தில் எழுதப்பட்டிருந்தது: "இதை யார் சொன்னது?" உயர்தரத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பாடப்புத்தகம் சொன்னது, அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவரைக் காட்ட வேண்டும். அவர் சொன்னதை ஏற்கிறோமா, ஏன் என்பதையும் நாம் சொல்ல வேண்டும்.

1. கேள்வியின் வினைச்சொல்லைக் கண்டுபிடியுங்கள். "விளக்குக", "ஒப்பிடுக", "மதிப்பிடுக" மூன்றும் மூன்று வெவ்வேறு வேலை.
2. விடையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் இன்னும் வாசிக்க வேண்டும்.
3. நூலகத்தில் இரண்டு புத்தகமும் ஓர் ஆய்வுக் கட்டுரையும் எடுங்கள். தேடத் தெரியாவிட்டால் நூலக உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அதற்குத்தான் அவர் இருக்கிறார்.
4. குறிப்பு எடுக்கும்போதே நூலாசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றையும் எழுதுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.
5. புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் சொல்லில் எழுதுங்கள். திறந்து வைத்து எழுதினால் கை தானாகவே பிரதி பண்ணும்.
6. இறுதித் திகதிக்கு இரண்டு நாள் முன் முடியுங்கள். அச்சகத்தில் வரிசை, மின்வெட்டு, இணையக் கோளாறு எல்லாம் கடைசி நாளில்தான் வரும்.

*பொதுவான தவறு:* சீனியரின் ஒப்படையை வாங்கிப் பெயரை மாற்றிக் கொடுப்பது. இப்போது சட்ஜிபிடியிடம் எழுதி வாங்கிக் கொடுப்பதும் சேர்ந்துவிட்டது. பிடிபட்டால் பூச்சியமும் விசாரணையும் வரலாம். பிடிபடாவிட்டால் நட்டம் இன்னும் பெரிது. நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத உட்காரும்போது எழுதத் தெரியாமல் இருப்பீர்கள். விளங்காத பந்தியை எளிதாக்கித் தரச் சொல்லியோ, நீங்கள் எழுதிய ஆங்கிலத்தின் இலக்கணத்தைப் பார்க்கவோ அதைப் பயன்படுத்தலாம். உங்கள் பீடம் அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

புள்ளிகளின் கணக்கு

தரப்புள்ளிச் சராசரியை எல்லோரும் "ஜீபீஏ" என்றே சொல்வார்கள். ஏ தரத்துக்கு 4.0, ஏ சயவுக்கு 3.7, பி சகவுக்கு 3.3, பி க்கு 3.0, சி சகவுக்கு 2.3, சி க்கு 2.0. முதலாம் வகுப்புக்கு 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00 என்பது பொதுவான எல்லை. வேறு நிபந்தனைகளும் உண்டு, கைநூலில் பாருங்கள்.

ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட். ஒரு பிள்ளைக்கு ஏ சய, பி சக, பி, சி சக, சி கிடைத்தது என்று வையுங்கள். கூட்டினால் 14.3, ஐந்தால் பிரித்தால் 2.86. வகுப்பு இல்லை. அந்தக் கடைசி சி மட்டும் பி ஆகியிருந்தால் 3.06, எல்லையைத் தாண்டியாகிவிட்டது. அந்த ஒரு பாடத்தில் தவறவிட்டது எது என்று தேடினால், பெரும்பாலும் கொடுக்காமல் விட்ட ஓர் ஒப்படையாகவோ போகாத ஒரு இடைப் பரீட்சையாகவோ இருக்கும். பிடித்த பாடத்தில் ஏ எடுப்பதைவிட, பிடிக்காத பாடத்தை சி யிலிருந்து பி க்கு ஏற்றுவது சுலபம். அங்கே நேரத்தைப் போடுங்கள்.

மீண்டும் எழுதும் பரீட்சையில், எவ்வளவு நன்றாக எழுதினாலும், பொதுவாக சி க்கு மேல் தரமாட்டார்கள். ஆகவே "இந்த முறை விட்டு அடுத்த முறை நன்றாக எழுதுவோம்" என்ற யோசனை வேண்டாம். உண்மையாகவே காய்ச்சலில் விழுந்தால் செய்ய வேண்டியது இது:

1. அன்றைக்கே பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வீட்டில் இருந்தால் மாத்தளை அரச வைத்தியசாலையில் காட்டி மருத்துவச் சான்றிதழ் வாங்குங்கள்.
2. பீடத்துக்கும் பாடத் தலைவருக்கும் உடனே அறிவியுங்கள். சிநேகிதர் மூலமாவது கடிதம் போகட்டும்.
3. வெளியில் எடுத்த சான்றிதழைப் பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் குறித்த நாட்களுக்குள் கொடுத்து உறுதிப்படுத்துங்கள். நாள் கடந்தால் உண்மையான நோயும் செல்லாமல் போகும்.
4. கொடுத்ததற்கு அடையாளமாக ஒரு பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள்.

பகிடிவதையும் மற்ற ஆபத்துகளும்

1997 இல் பேராதனைப் பொறியியல் பீடத்து முதலாம் ஆண்டுத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு உயிரிழந்தார். அடுத்த ஆண்டு, 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடும் காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரையும் சிறை. இதைப் "பழகுவதற்கான விளையாட்டு" என்று யாராவது சொன்னால் அந்த மாணவரை நினையுங்கள்.

தனியாகக் கூப்பிட்டால் போகாதீர்கள். இரவில் அறைக்குக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். நடந்ததைத் திகதி, நேரம், இடத்தோடு அன்றே எழுதி வையுங்கள். மாணவ ஆலோசகரிடமோ பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். உடனடி ஆபத்து என்றால் பொலிஸ் 119. தெரிந்த ஊர் அண்ணா, அக்கா என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நல்ல அண்ணாமார் குப்பி நடத்துவார்கள், முழங்காலில் நிற்கச் சொல்லமாட்டார்கள்.

இன்னும் இரண்டு ஆபத்து. வளாகத்தை ஒட்டி மகாவலி ஓடுகிறது. ஆற்றங்கரை அழகானது, நீரோட்டம் தெரியாமல் இறங்க வேண்டாம். ஹந்தானை மலைக்குப் போவதென்றால் காலையில், குழுவாக, வழி தெரிந்தவரோடு போங்கள். பின்னேரத்தில் பனி மூடினால் பாதை மறைந்துவிடும். அம்புலன்ஸ் 1990.

மனம் சோர்ந்தால் அதையும் காய்ச்சல் போலவே எடுங்கள். முதல் மாதத்தில் வீட்டு நினைவில் அழுவது எல்லோருக்கும் வரும். இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் சுகாதார நிலையத்திலோ மாணவ ஆலோசகரிடமோ சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எந்த நேரமும் பேசலாம்.

ஆய்வேட்டுக்கு ஊரைப் பாருங்கள்

நான்காம் ஆண்டு வேலையை முதல் செமஸ்டரிலேயே சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். தலைப்பு தேடும் கண்ணை இப்போதே பழக்கினால்தான் அப்போது கைகொடுக்கும். பலர் கடைசி மாதத்தில் யாரோ எழுதிய தலைப்பை மாற்றி எடுக்கிறார்கள். நீங்கள் பிறந்த மாவட்டத்திலோ எடுக்க எடுக்கக் குறையாத விடயம் கிடக்கிறது.

விவசாயம் படித்தால் மாத்தளையிலேயே ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மிளகும் கொக்கோவும் உங்கள் வீட்டுக்குப் பின்னால் காய்க்கின்றன. முகாமைத்துவமும் பொருளியலும் படித்தால் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் ஓர் இரவு நின்று பாருங்கள். கரட் மூட்டை எத்தனை கை மாறுகிறது என்று எண்ணினாலே ஒரு கேள்வி பிறக்கும். புவியியலுக்கு நக்கிள்ஸ் மலைத்தொடர். மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010 இல் உலக மரபுரிமையானது. சமூகவியலுக்கு மொரகஹகந்த – களுகங்கைத் திட்டத்துக்காக இடம்பெயர்ந்த லக்கலைக் குடும்பங்கள். தமிழ் படித்தால் மலரன்பன், மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் என்று சிறுகதைக்காரர்கள் வரிசையாக இருக்கிறார்கள். தோட்டங்களில் காமன் கூத்து ஆடத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டியதும் உண்டு. பேராதனைப் பிரதான நூலகத்தில் இவற்றைப் பற்றி என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பதே நல்ல தொடக்கம்.

1. கொப்பியின் கடைசிப் பக்கங்களில் "ஊர்க் கேள்விகள்" என்று ஒரு பட்டியல் தொடங்குங்கள். வீட்டுக்குப் போய் வரும் ஒவ்வொரு தடவையும் ஒன்று எழுதுங்கள்.
2. மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் அதிலிருந்து மூன்றைத் தெரிந்து, மேற்பார்வையாளராக வரக்கூடியவரிடம் ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.
3. தோட்டத்தில் தகவல் சேர்ப்பதென்றால் நிர்வாகத்திடம் பல்கலைக்கழகக் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி பெறுங்கள். பேசுகிறவரின் சம்மதத்தைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். பெயரை எழுத வேண்டாம். அவருடைய வேலைக்கு இடைஞ்சல் வரும் தகவலை, எவ்வளவு நல்ல தகவலாக இருந்தாலும், ஆளை அடையாளம் காட்டாதபடி மாற்றி எழுதுங்கள்.
4. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போய்க் கேள்வி கேட்காதீர்கள். பின்னேரம் பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து, தேத்தண்ணி ஊற்றிய பிறகு போங்கள்.
5. முடிந்ததும் ஆய்வேட்டில் ஒரு பிரதியைப் படித்த பாடசாலையின் நூலகத்துக்குக் கொடுங்கள். உள் அட்டையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தை எழுதி, பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகள் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒரு வரி சேருங்கள்.